அம்மாவுக்கு 67 வயசு, மூட்டுவலி: மெடிக்கல் எய்ட் எடுக்கலாமா, மாசம் 600 ராண்ட் பிளான் போதுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா, நான் டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கேன். அம்மாவுக்கு வயசு 67. ரெண்டு முழங்காலும் கை விரல் மூட்டும் ஓயாத வலி, ஆர்த்ரைட்டிஸ்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆர்.கே. கான் அரசு ஆஸ்பத்திரிலதான் மாத்திரை வாங்குறோம், விடிகாலைலயே போய் வரிசைல உக்காரணும், அந்த வலியோட அவங்களால முடியல. அப்பா கம்பெனில வேலை பாத்தப்போ 1986ல இருந்து 2009 வரைக்கும் அம்மா அவரோட மெடிக்கல் எய்ட்ல இருந்தாங்க, வேலை போனதும் அதுவும் போயிடுச்சு, இப்ப அப்பாவும் இல்ல. ஒரு ஏஜென்ட் போன் பண்ணி மாசம் 600 ராண்டுக்கு ஹாஸ்பிட்டல் பிளான் தர்றேன், டெஸ்ட் எதுவும் வேணாம், ஆஸ்பத்திரில படுத்தா நாளைக்கு 1500 ராண்ட் கைல வரும்னு சொல்றாரு. அண்ணனும் நானும் சேர்ந்தா மாசம் 4000 வரைக்கும் போடலாம். என்ன பண்றது அண்ணா?

பதில்: தங்கச்சி, அந்த 600 ராண்ட் பேப்பர்ல மட்டும் இப்போதைக்கு கையெழுத்து போடாதீங்க. அது மெடிக்கல் எய்ட் (மாசாமாசம் கட்டினா வைத்திய பில்லை கட்டுற ஸ்கீம்) இல்ல, ஹாஸ்பிட்டல் கேஷ் பிளான், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி விக்கிற பாலிசி. அட்மிட் ஆனா நாளுக்கு இவ்வளவுன்னு காசு வரும், அவ்வளவுதான். உங்க அம்மாவுக்கு செலவு வர்றது எங்க? டாக்டர் ஃபீஸ், ரத்த டெஸ்ட், எக்ஸ்ரே, மாசாமாசம் மாத்திரை, பிசியோ. இதுக்கெல்லாம் யாரும் பெட்ல படுக்க வைக்க மாட்டாங்க, அப்போ அந்த பாலிசில இருந்து ஒரு ராண்ட் வராது. அப்படியே ஆபரேஷன்னு போனாலும் பிரைவேட் ஆஸ்பத்திரி பில்லுக்கு நாளைக்கு 1500 எந்த மூலைக்கு? இது பத்தாதுன்னு ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு முதல் வருஷம் காசு இல்லைன்னு உள்ளே ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், ஏஜென்ட் அதை போன்ல படிச்சு காட்ட மாட்டாரு.

சரி, நிஜமான மெடிக்கல் எய்டுக்கு வருவோம். நம்ம தென்னாப்பிரிக்காவுல 1998ம் வருஷத்து மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டம் இருக்கு, அதுப்படி எல்லாருக்கும் திறந்திருக்கிற ஸ்கீம் எதுவும் வயசு ஆயிடுச்சு, வியாதி இருக்குன்னு சொல்லி அம்மாவை சேத்துக்க மாட்டேன்னு சொல்லவே முடியாது, வியாதி இருக்கிறதால மாசக் கட்டணத்தை ஏத்தவும் முடியாது. ஆனா 35 வயசுக்கு மேல லேட்டா வர்றவங்களுக்கு லேட் ஜாயினர் பெனால்ட்டின்னு ஒண்ணு போடலாம், அது ஒரு தடவை கட்டிட்டு மறக்கிற ஃபைன் இல்ல, மாசாமாசம், ஆயுசுக்கும் கூடவே வரும்.

இங்கதான் உங்க கேள்வில இருக்கிற அந்த 1986 - 2009 முக்கியமாகுது, இதை நல்லா கவனிங்க. கணக்கு எப்படின்னா, இப்ப இருக்கிற வயசுல இருந்து 35ஐ கழிக்கணும், அப்புறம் முன்னாடி எத்தனை வருஷம் மெடிக்கல் எய்ட்ல இருந்தாங்களோ அதையும் கழிக்கணும். கணவரோட கார்டுல டிபென்டன்ட்டா இருந்த வருஷமும் சேரும், 21 வயசுக்கு முன்னாடி இருந்தது மட்டும்தான் சேராது. மிச்சம் 1ல இருந்து 4 வருஷம்னா மாசக் கட்டணத்துக்கு மேல 5 சதவீதம், 5 - 14ன்னா 25, 15 - 24ன்னா 50, 25க்கு மேல போனா 75 சதவீதம். அம்மாவோட பழைய 23 வருஷத்தை காட்டலைன்னா 67ல 35 போக 32, அப்போ 75 சதவீதம். காட்டினா மிச்சம் 9 வருஷம்தான், 25 சதவீதத்தோட முடிஞ்சிடும். மாசம் 3000 ராண்ட் பிளான்னு வச்சுக்குங்க, ஒண்ணு 5250, இன்னொண்ணு 3750. உங்க பட்ஜெட் 4000. பாத்தீங்களா, அம்மாவுக்கு மெடிக்கல் எய்ட் கட்ட முடியுமா முடியாதான்னு அப்பாவோட பழைய பேப்பர்தான் முடிவு பண்ணுது!

அதனால முதல் வேலை, அலமாரில அப்பாவோட பழைய மெடிக்கல் எய்ட் கார்டு, சம்பள ஸ்லிப், மெம்பர்ஷிப் சர்டிஃபிகேட் ஏதாவது இருக்கான்னு தேடுங்க. அந்த ஸ்கீமுக்கே எழுதி கேளுங்க, அது வேற ஸ்கீமோட சேர்ந்திருந்தா சேர்ந்த ஸ்கீம்ல கேளுங்க, கம்பெனி ஹெச்.ஆர்.லயும் கேளுங்க. எங்கயும் கிடைக்கலைன்னா கூட விட்டுடாதீங்க, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் இருந்தாங்க, பேப்பர் தேடி என்னென்ன முயற்சி பண்ணோம்னு எழுதி போலீஸ் ஸ்டேஷன்ல சத்தியம் பண்ணி அஃபிடவிட் கொடுத்தா அதை ஆதாரமா ஏத்துக்கணும்னு விதிலயே இருக்கு. இது பல குடும்பத்துக்கு தெரியாமலே 75 சதவீதம் கட்டிக்கிட்டு இருக்காங்க, எனக்கு மனசு ஆறாது அதை பாத்தா.

ரெண்டாவது வேலை டாக்டர்கிட்ட. "ஆர்த்ரைட்டிஸ்"னு மட்டும் சொன்னா பத்தாது தங்கச்சி, எந்த ஆர்த்ரைட்டிஸ்னு எழுதி வாங்குங்க. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னா (உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டை தாக்குறது) அது சட்டத்துல இருக்கிற க்ரானிக், அதாவது நாள்பட்ட வியாதி லிஸ்ட்ல இருக்கு, எவ்வளவு மலிவான பிளானா இருந்தாலும் அதுக்கான டாக்டர் விசிட், டெஸ்ட், லிஸ்ட்ல இருக்கிற மருந்து எல்லாத்தையும் ஸ்கீம் கொடுத்தே ஆகணும், அவங்க சொல்ற டாக்டர், ஃபார்மசிக்கு போனா போதும். ஆனா வயசானதால தேய்ஞ்சு வர்ற ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் அந்த லிஸ்ட்லயே இல்ல. அதுக்கு பிளான்ல இருக்கிற சேவிங்ஸ்ல இருந்தோ கைல இருந்தோதான் போகும், முழங்கால் மாத்துற ஆபரேஷனை சில மலிவு பிளான் சுத்தமா ஒதுக்கி வச்சிருக்கும், சிலதுல பெரிய தொகை நீங்க கட்டணும். ஃபார்ம்ல டாக்டர் போடுற ஐ.சி.டி கோட், அதாவது வியாதிக்கான குறியீடு பாருங்க, எம்05, எம்06ன்னு ஆரம்பிச்சா ருமட்டாய்டு, எம்17ன்னா முழங்கால் தேய்மானம். விரல் மூட்டு வீங்குது, காலைல எழுந்தா ரொம்ப நேரம் கை மடங்க மாட்டேங்குதுன்னா அதை டாக்டர்கிட்ட விட்டுடாம சொல்லி ரத்த டெஸ்ட் கேளுங்க, ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஒண்ணு உண்மையை சொல்லிடறேன், சேர்ந்த உடனே எதுவும் கிடைக்காது. அம்மா ரொம்ப வருஷமா எதுலயும் இல்லாததால மூணு மாசம் பொதுவா காத்திருக்கணும், மூட்டுவலிக்கு 12 மாசம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம், இந்த சமயத்துல அந்த க்ரானிக் லிஸ்ட் வியாதிக்கும் விலக்கு கிடையாது. அதுக்காக ஃபார்ம்ல வலியை மறைச்சிடாதீங்க, பின்னாடி தெரிஞ்சா மெம்பர்ஷிப்பையே ரத்து பண்ணலாம். அந்த ஒரு வருஷம் ஆர்.கே. கான்லயே மருந்து வாங்கணும், ஆனா மெடிக்கல் எய்ட் இருக்குன்னு தெரிஞ்சா அரசு ஆஸ்பத்திரில முழு கட்டண பேஷண்டா எழுத வாய்ப்பிருக்கு, அதனால வெயிட்டிங் பீரியட் லெட்டரை கைல வச்சுக்கிட்டு ஃபீஸ் ஆபீஸ்ல முன்னாடியே பேசிடுங்க. விடிகாலை வரிசைக்கும் ஒரு வழி இருக்கு, வியாதி கட்டுப்பாட்டுல இருக்கிறவங்களுக்கு அரசோட டப்லாப் மெட்ஸ் திட்டத்துல பக்கத்து ஃபார்மசிலயே மருந்து எடுத்துக்கலாம், அம்மாவோட மருந்து அதுல வருமான்னு அடுத்த விசிட்ல கேளுங்க. இதுக்கு காசும் இல்ல, மெடிக்கல் எய்டும் வேணாம்.

உங்களுக்கோ அண்ணனுக்கோ வேலைல மெடிக்கல் எய்ட் இருந்தா அம்மாவை டிபென்டன்ட்டா சேக்க முடியுமான்னும் பாருங்க, தனி மெம்பரை விட குறைவா வரலாம். பெனால்ட்டியும் வெயிட்டிங்கும் அப்பவும் இருக்கும். காசு கட்டுறவங்களுக்கு டாக்ஸ்ல கழிவு உண்டு, 2025/26 வருஷத்துல மெம்பருக்கும் முதல் டிபென்டன்ட்டுக்கும் மாசம் ஆளுக்கு 364 ராண்ட், அதுக்கு மேல ஆளுக்கு 246ன்னு இருந்துச்சு. அம்மா பேர்ல டாக்ஸ் எதுவும் வரலைன்னா அவங்களுக்கு அந்த கழிவால பிரயோஜனம் இல்ல, அதனால உங்கள்ல டாக்ஸ் கட்டுறவங்க அக்கவுண்ட்ல இருந்தே போகட்டும். கேப் கவரை (மெடிக்கல் எய்ட் கட்டாம விடுற மிச்ச பில்லுக்கான தனி இன்ஷூரன்ஸ்) இப்ப யோசிக்க வேணாம், மெடிக்கல் எய்ட் நிலைச்ச பிறகு பாக்கலாம். என்.எச்.ஐ (எல்லாருக்குமான அரசோட தேசிய ஹெல்த் இன்ஷூரன்ஸ்) சட்டத்துல 2024 மே மாசம் கையெழுத்து ஆனது உண்மைதான், ஆனா அது நடைமுறைக்கு வரட்டும்னு அம்மாவோட விரல் காத்துக்கிட்டு இருக்காது.

என் கருத்து இதுதான். ருமட்டாய்டுன்னு வந்து பழைய பேப்பரோ அஃபிடவிட்டோ ஏத்துக்கிட்டாங்கன்னா தயங்காம சேத்துடுங்க. தேய்மானம் மட்டும்னா, 25 சதவீதத்துல கிடைச்சா சேருங்க, ஆனா முழங்காலுக்காக இல்ல, ஹார்ட் அட்டாக், கேன்சர், விழுந்து இடுப்பு எலும்பு முறியிறது மாதிரி பெரிய அடிக்காக. தேய்மானமும் 75 சதவீதமும் சேர்ந்து வந்தா நானா இருந்தா சேர மாட்டேன், அந்த 4000ல மாசம் 2500ஐ அம்மா பேர்ல தனியா போட்டு வச்சு நல்ல எலும்பு டாக்டர், பிசியோன்னு கைக்காசுல காட்டுவேன், ஆபரேஷனுக்கு அரசு ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இப்பவே பேர் போட கேப்பேன்.

ஸ்கீம் அஃபிடவிட்டை ஏத்துக்க மாட்டேன்னு சொன்னா அதை எழுத்துல வாங்கி கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ்க்கு புகார் அனுப்புங்க, அதுக்கு காசு கிடையாது. டாக்டர் கோடும் ஸ்கீம் கொடுக்கிற பெனால்ட்டி லெட்டரும் வந்ததும் எனக்கு எழுதுங்க, எந்த பிளான்னு அப்ப பேசுவோம்.