டிசைனர்கிட்ட நகை, துணி வாங்கறீங்களா? மொதல்ல பில்ல கேளுங்க

கேள்வி: கோயமுத்தூர்ல வீட்டோட ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கற ஒரு பொண்ணுகிட்ட தங்கத்துல ஆரமும் தோடும் டிசைன் பண்ணச் சொல்லியிருக்கறனுங்க. 22 கேரட்டுன்னு சொல்றாங்க, ஆனா ஹால்மார்க் கெடையாதாம், சின்ன ஆளுங்களுக்கு அது தேவையில்லையாம். நெசமுங்களா? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: நெசந்தானுங்க அம்மணி. வருசத்துக்கு 40 லட்சத்துக்குள்ள வியாபாரம் பண்றவங்களுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல. 2 கிராமுக்குக் கீழ இருக்கற உருப்படிக்கும் இல்ல, குந்தன், போல்கி மாதிரி கல்லு பதிச்ச நகைக்கும் இல்ல. ஆனா கட்டாயம் இல்லைங்கறது வேற, போடவே முடியாதுங்கறது வேற. பிஐஎஸ்ல, அதாவது இந்திய தர நிர்ணய அமைப்புல, பதிவு பண்ணிக்கிட்டா சின்ன டிசைனரும் முத்திரை போட்டு வாங்கலாம், ஒரு தங்க உருப்படிக்கு கட்டணம் 45 ரூபாயும் ஜிஎஸ்டியும், ரொம்ப கம்மியா உருப்படி கொண்டு போனா குறைஞ்சபட்சம் 200 ரூபா வாங்குவாங்க, ஆரம் செய்யற எடத்துல இதெல்லாம் ஒரு காசுங்களா. அதனால "பதிவு பண்ணிட்டு போட்டுக் குடுங்க, செலவ நான் தர்றேன்"னு கேட்டுப் பாருங்க, என்ன பதில் வருதோ அதுலயே பாதி விசயம் தெரிஞ்சுபோகும்.

முத்திரைன்னா மூணு குறி இருக்கோணும்: பிஐஎஸ் சின்னம், 22கே916 (ஆயிரத்துல 916 பங்கு தங்கம்), அப்பறம் எழுத்தும் நம்பரும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி, அது அந்த உருப்படிக்கான தனி அடையாள நம்பர். ஹால்மார்க் கட்டாயமா இருக்கற கடைங்கள்ல 2023 ஏப்ரல் 1ல இருந்து இது இல்லாம விக்கக் கூடாது. பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த ஆறையும் அடிச்சா யாரு முத்திரைக்குக் குடுத்தாங்க, என்ன உருப்படி, எவ்வளவு சுத்தம்னு வந்துரும். ஆரத்துக்கு அடிச்சா மோதிரம்னு வந்துச்சுன்னா வாங்காம வந்துருங்க.

சரி, பதிவெல்லாம் முடியாதுங்கறாங்களா? பாக்கிப் பணத்தக் குடுக்கறதுக்கு முன்னாடி ஹால்மார்க்கிங் சென்டருக்கு எடுத்துட்டுப் போய் நீங்களே டெஸ்ட் பண்ணிக்கலாம், 200 ரூபா வாங்கிட்டு ரிப்போர்ட் குடுப்பாங்க. நல்ல டிசைனரா இருந்தா இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.

இதவிட முக்கியமானது பில்லு. டிசைனர் நகையில கல்லு நெறைய வரும், சில உருப்படிக்கு உள்ள அரக்கு அடைச்சிருப்பாங்க, மொத்தமா தராசுல வெச்சு ஒரே வெலை போட்டா கல்லையும் அரக்கையும் தங்க வெலைக்கு வாங்கிட்டு வந்துருவீங்க. தங்கத்தோட நிகர எடை, கல்லு எடை, சுத்தம், செய்கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. டிசைனுக்குன்னு தனியா காசு வாங்கறாங்கன்னா அதையும் தனி வரியா எழுதட்டும், அது அவங்க மூளைக்கான கூலி, தாராளமா குடுங்க, ஆனா அத சேதாரத்துக்குள்ள ஒளிக்க வேண்டாம்.

ஹால்மார்க் போட்ட நகையில சுத்தம் கொறஞ்சா நஷ்டஈடும் இருக்குங்க, கொறஞ்ச தங்கத்தோட மதிப்பு மாதிரி ரெண்டு மடங்கும் டெஸ்ட் செலவும். 20 கிராம் நகை 916ன்னு சொல்லி 880 நின்னா 0.72 கிராம் தங்கம் கொறையுது, 1.44 கிராமுக்கான காசு உங்களுக்கு வரோணும். முத்திரை இல்லாத நகைக்கு இந்தக் கணக்கு ஓடாது, அப்ப பில்லுல எழுதியிருக்கறதுதான் கையில இருக்கற ஆதாரம்.

கேள்வி: கோவை கோரா காட்டன், கைத்தறின்னு போட்டிருந்தாங்கன்னு இன்ஸ்டால ஒரு பொட்டிக்ல சேலை வாங்குனேன். வந்தது பாலியஸ்டர் மாதிரி இருக்குது. கேட்டா அன்பாக்ஸிங் வீடியோ இல்லாம ரிட்டர்ன் இல்லைங்கறாங்க, பில்லும் குடுக்கல. (ஈரோடு)

பதில்: மொதல்ல சேலை என்னன்னு பாத்துருவோம். கோரா காட்டன்னா பட்டும் பருத்தியும் கலந்து நெய்யறது. முந்தி ஓரத்துல பாவு நூல் (நீளவாக்குல ஓடறது) ஒண்ணு, ஊடை நூல் (குறுக்கால ஓடறது) ஒண்ணு தனித்தனியா உருவி, சேலைய அக்கட்ட வெச்சுட்டு, கொளுத்திப் பாருங்க. பட்டுன்னா முடி கருகற வாசம் வரும், கையில நசுக்குனா பொடியாகும். பருத்தின்னா காகிதம் எரியற வாசம். உருகி சின்ன உருண்டையா நின்னா பாலியஸ்டர், வேற பேச்சே வேண்டாம்.

அன்பாக்ஸிங் வீடியோ எடுத்தாத்தான் ரிட்டர்ன்னு எந்தச் சட்டமும் சொல்லல, அது அவங்களா போட்டுக்கிட்ட கண்டிஷன். 2019 நுகர்வோர் சட்டத்துல பில் குடுக்காம இருக்கறதே முறையில்லாத வியாபாரம், குறையான பொருள திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு சொல்றதும் அதேதான். பில்லுல நாள் எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பி எடுத்துக்கோணும். அதுக்காக "கலர் புடிக்கல"ன்னு உங்க அளவுக்குத் தெச்ச ப்ளவுஸத் திருப்பிக் குடுக்கறதுக்கு இதக் காட்டாதீங்க, அது பாவம்ங்க.

அந்த போஸ்ட், சாட், ஜிபே ரசீது எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, போஸ்ட்டு நாளைக்கே காணாமப் போகலாம். நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. அங்கயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்ல, வக்கீலும் கட்டாயம் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடோணும். அடுத்த தடவ சேலையில கைத்தறி முத்திரை இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே போட்டோ கேளுங்க.

கேள்வி: டிசைனர் வெள்ளிக் கொலுசு, சேலம் செவ்வாய்ப்பேட்டை வெலையவிட டபுளா இருக்குதே? (நாமக்கல்)

பதில்: டச், அதாவது நூத்துக்கு எவ்வளவு வெள்ளின்னு, கேட்டீங்களா தம்பி? 70 டச் கொலுசையும் 92.5 கொலுசையும் கிராம் வெலைய மட்டும் வெச்சு ஒப்பிட்டா ரெண்டு பேருக்கும் அநியாயம். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல, அதனால டச்ச பில்லுல எழுதி வாங்குங்க. அதுக்கப்பறமும் டபுளா நிக்குதுன்னா மிச்சம் டிசைனுக்கும் கூலிக்கும் போறது, அது உங்க ஆசையப் பொறுத்தது.

கேள்வி: "நாங்களே செய்யறோம்"னு போடறவங்க நெசமா செய்யறாங்களா, வாங்கி விக்கறாங்களான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? (திருப்பூர்)

பதில்: காதர்பேட்டை துணிச் சந்தையில பீஸ் எடுத்து லேபிள் மாத்தி விக்கறது உங்க ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரியோணுமா! விக்கறது தப்பில்ல, நாங்க டிசைன் பண்ணதுன்னு சொல்றதுதான் தப்பு. அந்தப் படத்த கூகுள் லென்ஸ்ல போடுங்க, பத்துக் கடையில அதே மாடல் அதே போட்டோவோட வந்தா முடிஞ்சுது. இல்லைன்னா ஒரு சின்ன மாத்தம் கேளுங்க, கை நீளம் ரெண்டு இஞ்ச் கூட்டுங்க, தோட்டுல பச்சைக் கல்லுக்கு பதிலா சிவப்பு வைங்கன்னு. செய்யறவங்கன்னா எத்தன நாளாகும், எவ்வளவு கூடும்னு பேச ஆரம்பிப்பாங்க, வாங்கி விக்கறவங்க "ஸ்டாக் இவ்வளவுதான் சிஸ்"ம்பாங்க.