இலங்கையில் இருக்கும் சிவனொளிபாதமலை என்ற மலையின் பெயரைத்தான் பிறகு சிங்களத்தில் சமனல என்று மாற்றினார்களா?

இல்லை. சமன் என்ற பெயர்தான் பழையது. அதற்குச் சாட்சி நம் தமிழிலேயே இருக்கிறது. மணிமேகலை இந்த மலையை 'சமனொளி' என்கிறது. அறவோர் அதை வலம் வந்து திரும்புவதையும் சொல்கிறது. சமனொளி சைவர்கள் வாயில் சிவனொளியாகியிருக்கும் என்பது என் கணிப்பு.

கொழும்பில் ஒரே தெருவில் கேட்டாலே நாலைந்து பெயர் வரும். நாங்கள் சிவனொளிபாதமலை என்போம், சிலர் சிவனடிபாதம் என்பார்கள். சிங்களவர்களுக்கு ஸ்ரீபாத, சமனல கந்த. முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. 2,243 மீட்டர் உயரத்தில், பாறையில் கால் பதிந்த மாதிரி இருக்கும் ஒரு பள்ளத்தைச் சுற்றித்தான் இவ்வளவும். சிவன் பாதம், புத்தர் பாதம், சுவர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபியின் பாதம் என்று அவரவர் நம்பிக்கை. புனித தோமையாரின் பாதம் என்று சொன்ன கிறிஸ்தவர்களும் உண்டு.

சமன் இந்த மலையின் காவல் தெய்வம், வாகனம் வெள்ளை யானை. இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தில் மலையின் பெயர் சுமணகூடம், அதாவது சமனின் சிகரம். இன்றைக்கும் உந்துவப் போயாவுக்கு, அதாவது டிசம்பர் பௌர்ணமிக்கு, சமன் சிலையை மேலே கொண்டுபோய்த்தான் யாத்திரை சீசனைத் தொடங்குகிறார்கள். மே மாத வெசாக் போயாவோடு அது முடியும். வண்ணத்துப்பூச்சிக்குச் சிங்களத்தில் 'சமனலயா' என்று பெயர். கூட்டங்கூட்டமாகப் பறந்து போகும் வண்ணத்துப்பூச்சிகள் பாதத்தைக் கும்பிடத்தான் போகின்றன, அங்கேயே உயிரை விடுகின்றன என்று ஒரு கதை. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

அதற்காகச் சிவனொளி என்பது நேற்று ஒட்டிய பெயர், நமக்கு அங்கே வேலையில்லை என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். 1344இல் இப்னு பதூதா மலையேற வந்தபோது அவருக்குப் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பியவர் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாணத்து அரசர். அந்தத் துணையில் வருடா வருடம் பாதத்தைக் கும்பிடப் போகும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர். ஒரு முஸ்லிம் பயணி ஆதம் பாதத்தைத் தேடிப் போகிறார், வழித்துணைக்கு நம்மவர்கள்! மலையில் அப்போது இரண்டு பாதைகள். கடினமானது ஆதமின் பெயரில் பாபா பாதை, இலகுவானது அவர் மனைவி ஹவ்வாவின் பெயரில் மாமா பாதை என்றும் எழுதியிருக்கிறார்.

அதனால் பெயரை யார் பறித்தார்கள் என்று தேட வேண்டியதில்லை. ஏறிய ஒவ்வொரு கூட்டமும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் ஏறியிருக்கிறது.