ஓவியம் கைமாறும்போது உரிமையும் கைமாற வேண்டுமா?

கேள்வி: சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து முடித்து, சில ஆண்டுகளாக ஓவியத்தையே தொழிலாகக் கொண்டிருக்கிறேன். பழைய மாமல்லபுரம் சாலையில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் நிறுவனம் ஒன்று, தன் வரவேற்புக் கூடத்துக்கு ஆறு அக்ரிலிக் ஓவியங்கள் கேட்டிருக்கிறது. இரண்டு ஏற்கெனவே என்னிடம் இருப்பவை. நான்கு புதிதாக வரைய வேண்டியவை. ‘காலண்டரிலும் விளம்பரத்திலும் போட்டுக்கொள்வோம்’ என்று பேச்சுவாக்கில் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. என்ன விலை சொல்வது? எதற்கெல்லாம் சம்மதிக்கலாம்? இத்தகைய அலங்கார வேலைகளை ஏற்றால் கேலரிகளில் மதிப்புக் குறையும் என்று நண்பர்கள் சொல்வது சரியா? — வாசகர், பெரம்பூர்

பதில்: விலையைப் பேசுவதற்கு முன், காலண்டர் பற்றிப் பேச்சுவாக்கில் வந்த அந்த வாக்கியத்தை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். பொதுவாக ஒரு படைப்பின் பதிப்புரிமை அதைப் படைத்தவருக்கே சேரும் என்பது நாம் அனைவரும் அறிந்தது. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆவது பிரிவு ஒரு விதிவிலக்கை வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று வரையப்பட்ட ஓவியத்துக்கு, மாறான உடன்பாடு ஏதும் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் ஆகிவிடுகிறார். சிற்பிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த உட்பிரிவு ஓவியத்தையும் நிழற்படத்தையும் சொல்கிறதே தவிர, சிற்பத்தைச் சொல்லவில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆகவே, ஒரே சுவரில் தொங்கப்போகும் உங்கள் ஆறு ஓவியங்களும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. முன்பே வரைந்து வைத்திருந்த இரண்டையும் விற்றால் கான்வாஸ் மட்டுமே அவர்களுக்குப் போகும். காலண்டரில் அச்சிட உங்கள் அனுமதி வேண்டும். புதிதாக வரையும் நான்கிலோ, நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால், காலண்டரில் அச்சிடுவதற்கு அவர்கள் உங்களைக் கேட்கவே வேண்டியதில்லை. மாறாக, அவற்றை உங்கள் கண்காட்சிக் கையேட்டில் அச்சிட நீங்கள்தான் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டிவரும். இழப்பு அதோடு நிற்பதில்லை. ஓர் அசல் ஓவியம் பிற்காலத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது, அந்த விலையில் 10 சதவீதத்துக்கு மிகாத ஒரு பங்கை ஓவியர் கோரலாம் என்கிறது 53அ பிரிவு. அந்த உரிமையும், 17ஆவது பிரிவின்படி முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கு மட்டுமே உண்டு.

இதற்கு மாற்று எளிது. முன்பணம் வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்தில் உடன்பாடு எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ‘ஆறு ஓவியங்களின் பதிப்புரிமையும் ஓவியரிடமே இருக்கும், நிறுவனம் அவற்றைத் தன் கட்டடத்தில் காட்சிக்கு வைக்கலாம்’ என்ற வரி அதில் அவசியம் இருக்கட்டும். காலண்டருக்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம்: எந்த ஆண்டுக் காலண்டர், எத்தனை பிரதிகள், உங்கள் பெயர் எங்கே அச்சாகும் என்பனவற்றைக் குறிப்பிடுங்கள். கால அளவைக் குறிப்பிடாமல் உரிமை கொடுத்தால் சட்டம் அதை 5 ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுமைக்கும் என்றும் எடுத்துக்கொள்ளும். ஓர் ஆண்டுக் காலண்டருக்கு இது மிக அதிகம்.

உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் கையைவிட்டுப் போகாத ஒன்று உண்டு. படைப்பு தன்னுடையது என்று சொல்லவும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் 57ஆவது பிரிவு வழி செய்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்டுச் சேதமான தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்காடினார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை அவரிடமே திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அகற்றப்பட்டது 1979இல். அவ்வளவு காலம் நீதிக்காகக் காத்திருப்பதைவிட, ‘ஓவியத்தை வெட்டியோ அதன்மேல் எழுத்துகளைப் பதித்தோ விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது’ என்று இப்போதே ஒரு வரி சேர்ப்பது மேல்.

விலைக்கு வருவோம். சதுர அங்குலக் கணக்கு நம்மூரில் பலரும் கையாளும் முறை. வாடிக்கையாளருக்கும் எளிதில் புரியும். 36-க்கு 48 அங்குலக் கான்வாஸ் 1,728 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 20 ரூபாய் என்று வைத்தால் 34,560 ரூபாய் ஆகிறது. இந்த 20 என்பது கணக்கு காட்டுவதற்கான எண் மட்டுமே. உங்கள் எண்ணை, கடைசியாக விற்ற சில ஓவியங்களின் விலையை அவற்றின் பரப்பால் வகுத்துக் கண்டுபிடியுங்கள். ஃப்ரேம், வண்டிச் செலவு, மாட்டும் கூலி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். ஆறு ஓவியங்களை மொத்தமாக வாங்குவதற்குச் சிறு தள்ளுபடி தரலாம். ‘நல்ல விளம்பரம் கிடைக்கும்’ என்பதற்காகத் தர வேண்டாம்.

பாதித் தொகையை முன்பணமாகவும், மீதியைப் படங்களை ஒப்படைக்கும் அன்றும் கேளுங்கள். நிறுவனங்கள் இழுத்தடிப்பது வழக்கம் என்பதால், ஆதார், பான் எண்களைக் கொண்டு மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்வது நல்லது; பதிவு செய்தவருக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு. ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு ஓவியத்தையும் நேர் வெளிச்சத்தில் நல்ல தெளிவோடு படமெடுத்து, கான்வாஸின் பின்புறம் தலைப்பு, ஆண்டு, அளவு, ஊடகம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள். குளிர்சாதனத்தின் நீர் கசியும் சுவரிலோ, பிற்பகல் வெயில் நேராக விழும் கண்ணாடிக்கு எதிரிலோ மாட்டக் கூடாது என்பதையும் உடன்பாட்டில் சேர்க்கலாம். சென்னையின் ஈரக்காற்றில் கான்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடித்துவிட்டால், கேள்வி உங்களிடம்தான் வரும்.

நண்பர்களின் அச்சத்தில் எனக்கு உடன்பாடில்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் தங்கள் கலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதனால் எவருடைய பெயரும் கெடவில்லை. கேலரிகள் முகம் சுளிப்பது வேறொன்றுக்கு: கேலரியில் ஒரு விலை, வீட்டில் நேரில் வந்து வாங்குபவருக்குப் பாதி விலை என்று இருப்பதற்கு. கேலரி விற்பனையில் 30 முதல் 50 சதவீதம் வரை கமிஷன் போகலாம் என்றாலும், அந்தத் தொகையைக் கழித்து நிறுவனத்துக்கு விலை சொல்லாதீர்கள். அடுத்த முறை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் நீங்கள் கண்காட்சி வைக்கும்போது, இதே அளவு ஓவியத்துக்கு என்ன விலை ஒட்டுவீர்களோ அதையே இப்போதும் சொல்லுங்கள்.