ஹெட்ஜ் ஃபண்டில் மகளுக்கு வேலை: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணிதத்தில் முதுகலை முடித்த மகளுக்கு ஒரு ஹெட்ஜ் ஃபண்டின் ரிஸ்க் பிரிவில், அதாவது இழப்பு எவ்வளவு வரலாம் என்று கணக்கிட்டுக் கண்காணிக்கும் பிரிவில், வேலை கிடைத்திருக்கிறது. வீடே மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் 2008-இல் அந்தத் துறை குடைசாய்ந்த கதையை உங்கள் தம்பி எடுத்துச் சொன்னதிலிருந்து உங்களுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. "இன்னொரு நெருக்கடி வந்தால் இவள் கதி என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி சொன்னது பொய்யில்லை. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். குடைசாய்ந்த வண்டியைப் பிறகு எப்படி நிமிர்த்தினார்கள், எந்தெந்தப் பாகங்களை மாற்றினார்கள் என்பது மீதிப் பாதி. உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் வேலை அப்போது வலுப்படுத்திய பாகங்களில் ஒன்று. அதனால் பழைய கதையிலிருந்தே வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஹெட்ஜ் ஃபண்ட் என்பது செல்வந்தர்கள், ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள் போன்றவர்களிடம் பணம் வாங்கி முதலீடு செய்யும் தனியார் நிதி. 1949-இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் தொடங்கிய முறை இது. ஏறும் என்று நினைத்த பங்குகளை வாங்கினார். இறங்கும் என்று நினைத்தவற்றை இரவல் வாங்கி விற்றார், விலை இறங்கியதும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்தார். சந்தை எந்தப் பக்கம் போனாலும் அடி குறைவாகப் பட வேண்டும் என்பது கணக்கு. லாபத்தில் 20 சதவீதம் அவருக்கு. பின்னாளில், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம் என்பதும் சேர்ந்துகொண்டது. துறையில் இதை 'இரண்டும் இருபதும்' என்பார்கள்.

2008-இல் இந்த நிதிகள் சராசரியாக 19 சதவீதம் அளவுக்கு இழந்தன. அதே ஆண்டு அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளை அளக்கும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 38 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சந்தையோடு ஒப்பிட்டால் பாதி இழப்புதான். அப்படியிருந்தும் முதலீட்டாளர்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்? பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பல நிதிகள் கதவைச் சாத்தின. எளிதில் விற்க முடியாத கடன் பத்திரங்களில் பணத்தைப் போட்டுவிட்டு, முதலீட்டாளர்களிடம் மட்டும் 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம்' என்று சொல்லி வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றபோது கொடுக்க முடியவில்லை. கொடுக்க முடிந்த நல்ல நிதிகளிடம் கூட்டம் இன்னும் அதிகமாகப் போய் நின்றது. வேறெங்கும் பணம் கிடைக்காதபோது, கிடைக்கிற இடத்தில்தானே கேட்பார்கள்.

அடுத்த அடி லேமன் பிரதர்ஸ். 2008 செப்டம்பர் 15 அன்று அந்த வங்கி திவாலானது. ஹெட்ஜ் ஃபண்டுகளுக்குக் கடன் கொடுத்து, அவற்றின் பங்குகளையும் பத்திரங்களையும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வங்கியைப் பிரைம் புரோக்கர் என்பார்கள். லேமனின் லண்டன் கிளை பல நிதிகளுக்கு அப்படித்தான் இருந்தது. அங்கே வைத்திருந்த சொத்துகள் திவால் வழக்கில் சிக்கி, பலருக்குத் திரும்பி வர ஆண்டுக்கணக்கில் ஆனது. முதலீட்டில் ஒரு தவறும் செய்யாதவர்களும், சாமானை வைத்த பெட்டி தவறாகிப்போனதால் மாட்டிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று, முதலீட்டாளர்களைப் பெரிய அளவில் ஏமாற்றிய பெர்னி மேடாஃப் கைதானார். அவர் நடத்தியது முறையான ஹெட்ஜ் ஃபண்ட் அல்ல. ஆனால் பல நிதிகள் அவரிடம் பணம் கொடுத்திருந்தன. வாடிக்கையாளர் பணத்தை வைத்திருந்ததும் அவரே, கணக்கு எழுதிக் கொடுத்ததும் அவரே. அதைத் தனியாகச் சரிபார்க்க மூன்றாவது ஆள் இல்லை.

அந்த ஓர் ஆண்டில் மட்டும் 1,471 ஹெட்ஜ் ஃபண்டுகள் மூடப்பட்டன. துறையின் கையில் இருந்த பணம் சுமார் 1.9 லட்சம் கோடி டாலரிலிருந்து 1.4 லட்சம் கோடி டாலர் அளவுக்கு இறங்கியது. தம்பி சொன்ன பாதி இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்தி விளக்க வேண்டும். மகளின் வேலைப் பாதுகாப்பு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. ஒரு நிதியின் மதிப்பு 100-லிருந்து 80-க்கு விழுந்தால், மறுபடி 100-ஐத் தாண்டும் வரை அந்த 20 சதவீத லாபப் பங்கை எடுக்கக் கூடாது. இதை ஹை வாட்டர் மார்க் என்பார்கள், அதாவது வெள்ளம் தொட்ட உச்சக் கோடு. முதலீட்டாளருக்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் ஊழியர்களின் போனஸ் பெரும்பாலும் வருவது அந்த 20-லிருந்துதான். 80-லிருந்து 100-க்கு ஏற 25 சதவீதம் லாபம் வேண்டும், அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை யார் காத்திருப்பார்கள்? திறமையானவர்கள் வெளியேறுவார்கள். நிதியை நடத்துபவரே 'மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்' என்று நினைப்பார். முழுப் பணமும் போகாத நிதிகள்கூட மூடப்படுவது இதனால்தான்.

இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். சிட்டடெல் நிறுவனத்தின் முக்கிய நிதிகள் 2008-இல் சுமார் 55 சதவீதம் இழந்தன. 45-லிருந்து 100-க்கு வர, இருப்பதை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். முதலீட்டாளர்கள் பணம் எடுப்பதை அவர்கள் நிறுத்தி வைத்தார்கள், திட்டு வாங்கினார்கள், ஆனால் மூடவில்லை. 2012 தொடக்கத்தில் பழைய உச்சக் கோட்டைத் தொட்டார்கள். இன்று உலகின் மிகப் பெரிய ஹெட்ஜ் ஃபண்ட் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. இன்னொன்று மெல்வின் கேப்பிட்டல். இறங்கும் என்று பந்தயம் கட்டியிருந்த கேம்ஸ்டாப் என்ற கடை நிறுவனத்தின் பங்கு 2021 ஜனவரியில் தாறுமாறாக ஏறியபோது, ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் இழந்தது. அடுத்த ஆண்டு, அந்த உச்சக் கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று முதலீட்டாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்தது. சில வாரங்களில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அடி வாங்கியது இரண்டும்தான். அடி விழுந்த பிறகும் ஆட்களையும் முதலீட்டாளர்களையும் பிடித்து வைக்க முடிந்ததா என்பதில்தான் வித்தியாசம்.

சரி, 2008-க்குப் பிறகு என்ன மாறியது?

சட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தால், 15 கோடி டாலருக்கு மேல் நிர்வகிக்கும் நிறுவனங்கள் அங்குள்ள பங்குச் சந்தை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஐரோப்பாவிலும் 2011-இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. அதே டாட்-ஃபிராங்க் சட்டத்தின் வோல்க்கர் விதி, வங்கிகள் தங்கள் சொந்தப் பணத்தில் சந்தையில் பந்தயம் கட்டுவதைத் தடுத்தது. வங்கிகளில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களில் பலர் ஹெட்ஜ் ஃபண்டுகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சட்டத்தைவிட அதிகம் மாற்றியது முதலீட்டாளர்கள்தான். ஓய்வூதிய நிதிகள் பணம் கொடுப்பதற்கு முன் கேள்விப் பட்டியலோடு வர ஆரம்பித்தன. கணக்கை வெளியார் யார் சரிபார்க்கிறார்? சொத்து எத்தனை வங்கிகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது? பணம் திருப்பிக் கேட்டால் எத்தனை நாளில் விற்க முடியும்? முதலீட்டு முடிவெடுப்பவரைத் தடுக்க நிறுவனத்துக்குள் யாருக்காவது அதிகாரம் இருக்கிறதா? பதில் சரியில்லை என்றால், லாபம் எவ்வளவு வந்தாலும் பணம் தரமாட்டோம் என்றார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு வேலை பிறந்தது, அல்லது ஏற்கெனவே இருந்த வேலைக்கு மதிப்புக் கூடியது. தனி நிர்வாக நிறுவனங்களில் கணக்குச் சரிபார்ப்பவர்கள், பிணையையும் ரொக்கத்தையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளும் டிரஷரி குழு, விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் ஆட்கள். அப்புறம் ரிஸ்க் குழு. முன்பு பல இடங்களில் ரிஸ்க் என்பது மாதம் ஒருமுறை அறிக்கை எழுதும் ஓரத்து மேசை. இப்போது நல்ல நிறுவனங்களில் அது முதலீட்டைக் குறைக்கச் சொல்லும் அதிகாரம் உள்ள இடம்.

கட்டணத்திலும் அடி விழுந்தது. 2014-இல் கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான கால்பெர்ஸ், செலவும் சிக்கலும் அதிகம் என்று சொல்லி, ஹெட்ஜ் ஃபண்டுகளில் போட்டிருந்த சுமார் 400 கோடி டாலரை எடுக்க முடிவு செய்தது. வாரன் பஃபெட் 2008 தொடக்கத்தில் கட்டிய பத்தாண்டுப் பந்தயத்தில், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட் 125 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எதிரே நின்ற, பல ஹெட்ஜ் ஃபண்டுகளில் பணம் போடும் ஐந்து தொகுப்பு நிதிகளில் எதுவும் அதை எட்டவில்லை. 'இரண்டும் இருபதும்' பல இடங்களில் குறைந்தது. கட்டணம் குறைய, சட்டச் செலவு ஏற, சிறிய நிதிகளுக்கு மூச்சு முட்டியது. பணம் பெரிய நிறுவனங்களை நோக்கி ஓடியது. மொத்தத் தொகை இன்று 4 லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. துறை சாகவில்லை அம்மா, 2008-இல் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. ஆனால் அதன் உள்ளமைப்பு வேறு.

அந்த அமைப்பில் நான் உண்மையிலேயே கவலைப்படும் ஒரு பகுதி உண்டு. பெரிய நிறுவனங்கள் பல இப்போது பணத்தைப் பல சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. 'பாட்' என்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இறுக்கமான இழப்பு வரம்பு. கொஞ்சம் இழந்தால் பணத்தைப் பாதியாக்குவார்கள், இன்னும் கொஞ்சம் இழந்தால் குழுவையே கலைத்துவிடுவார்கள். நிறுவனத்துக்கு இது பாதுகாப்பு. குழுவில் இருக்கும் இளையவர்களுக்கு அப்படியில்லை. என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டுப் போன ஒரு மாணவர் அப்படி ஒரு குழுவில் சேர்ந்த பதினோராவது மாதம், குழு வரம்பைத் தொட்டது. அன்று மாலையே எல்லோருக்கும் வேலை போனது. அவர் செய்த தவறு என்று எதுவுமில்லை. சந்தையில் அப்போது நெருக்கடியும் இல்லை.

ஆகவே நெருக்கடியை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். மகள் சேரப்போவது ஒரு பாட் குழுவிலா, மைய ரிஸ்க் பிரிவிலா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் மையப் பிரிவு போலத் தெரிகிறது. அங்கே ஒரு குழு கலைந்தால் வேலை போகாது. நிறுவனம் மொத்தமாகச் சுருங்கினால் போகலாம், அதை மறைக்க மாட்டேன். போனஸ் பெரிய அளவுக்கு வராது, முதலீட்டு முடிவெடுப்பவர்களின் வருமானத்தோடு ஒப்பிட்டு மனம் நோகும் நாட்களும் வரும்.

ஆஃபரை ஏற்பதற்கு முன் மகள் தயங்காமல் சில விஷயங்களைக் கேட்கட்டும். ரிஸ்க் தலைவர் யாருக்குப் பதில் சொல்கிறார்? முதலீட்டு முடிவெடுப்பவருக்கே என்றால் எனக்குப் பிடிக்காது. 2020 மார்ச்சில் சந்தை சரிந்த வாரங்களில் ரிஸ்க் குழு என்ன செய்தது, அது சொன்னதை யாராவது கேட்டார்களா? இந்தக் கேள்விக்கு மழுப்பினால் அந்தப் பிரிவு பெயருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நிதி இப்போது உச்சக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? எவ்வளவு கீழே? முதலீட்டாளர்கள் நிறைய பேரா, அல்லது ஒருவர் எழுந்து போனால் பாதிப் பணம் போய்விடுமா? புதிதாகச் சேரும் பெண் இதையெல்லாம் கேட்கலாமா என்று நீங்கள் நினைக்கலாம். ரிஸ்க் வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு இப்படிக் கேட்பவரைத்தான் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

ஆஃபர் லெட்டரில் ஓர் இடத்தை மட்டும் நீங்களும் உடன் உட்கார்ந்து படியுங்கள். வேலையை விட்ட பிறகு எத்தனை மாதம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்ற பகுதி. சம்பளத்தோடு என்றால் கவலையில்லை. சம்பளமில்லாமல் ஓர் ஆண்டு என்று இருந்தால், கையெழுத்துப் போடாமல் பேசச் சொல்லுங்கள்.

சேர்ந்த பிறகு குடும்பச் செலவை அடிப்படைச் சம்பளத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். வராத போனஸை நம்பி வீட்டுக்கடன் வாங்க வேண்டாம். முதல் இரண்டு ஆண்டில் தேர்வுகளுக்கு ஓடாமல் பைத்தான் என்ற கணினி மொழியும் தரவுத்தள வேலையும் கைக்கு வசப்படட்டும். அதன் பிறகு ரிஸ்க் வேலைக்கான எஃப்ஆர்எம் சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். இந்தத் திறமைகளை வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் கட்டுப்பாட்டு ஆணையங்களும் கேட்கின்றன. இவரது நிறுவனமே மூடினாலும் போய்த் தட்ட வேறு கதவுகள் இருக்கும்.

அந்த நான்கு கேள்விகளுக்கும் என்ன பதில் வந்தது என்று மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். ஆஃபரை ஏற்க இன்னும் ஒன்பது நாள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குள் எழுதினால் சேர்ந்து பார்த்துவிடலாம்.