நான்கு எழுத்தை நம்பி குரூப் எடுக்காதீர்கள்

பத்தாவது முடித்த மகளை இணையத்தில் எம்பிடிஐ (ஒருவரின் குணத்தை நான்கு ஆங்கில எழுத்துகளில் சொல்லும் தேர்வு) போன்ற தேர்வு ஒன்றை எழுத வைத்திருக்கிறீர்கள். ‘ஐஎஸ்டிஜே’ என்று வந்திருக்கிறது. இன்ட்ரோவெர்ட் (தனக்குள் இருப்பவள்), ஒழுங்கானவள், கணக்கு வேலைக்குப் பொருத்தம் என்கிறது அறிக்கை. அவள் கேட்பதோ பயாலஜி-மேத்ஸ். காமர்ஸில் சேர்த்துவிடலாமா என்கிறீர்கள். இந்த அறிக்கையை மட்டும் வைத்து என்றால், வேண்டாம்.

அந்த எழுத்து எப்படி விழுகிறது என்று பாருங்கள். இன்ட்ரோவெர்ட்டா இல்லையா என்று அறிய 21 கேள்விகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு இன்ட்ரோவெர்ட் பக்கம் 11, எதிர்ப்பக்கம் 10 என்று விழுகிறது. இன்னொன்றுக்கு 20, 1 என்று. இரண்டுக்கும் ஒரே ‘ஐ’தான். முதல் பிள்ளை ஒரே ஒரு கேள்விக்குப் பதிலை மாற்றினால் ‘இ’, அதாவது எக்ஸ்ட்ரோவெர்ட் ஆகிவிடும். மனிதர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பதில்லை. உயரத்தைப் போலத்தான், பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள். கோட்டை அந்த நடுவிலேயே கிழிக்கிறார்கள்.

இப்படி நான்கு கோடுகள். மறுமுறை எழுதும்போது ஒவ்வோர் எழுத்தும் மாறாமல் வர நூற்றுக்கு 85 வாய்ப்பு இருந்தாலும், நான்கும் சேர்ந்து அப்படியே வர 52 வாய்ப்புதான் மிஞ்சும். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட நூலிலிருந்து கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் வளர்த்தெடுத்த முறை இது. வேலைக்கு ஆள் தேர்வு செய்ய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். இலவசத் தேர்வுகள் பலவும் அந்த மூலத் தேர்வுகூட இல்லை.

“அவளைப் பற்றி அப்படியே எழுதியிருக்கிறதே!” என்று தோன்றும். 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுக்கொரு ‘குண விவரம்’ கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார், சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகள் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

இன்னொரு சிக்கல், வேலையின் பெயரை வைத்து வேலையை ஊகிப்பது. ஆடிட்டிங் என்றால் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து கூட்டிக் கழிப்பது என்று நினைக்கிறோம். முன்பின் தெரியாத அலுவலகத்துக்குப் போய், வவுச்சர் எங்கே, இந்த பில்லில் ஏன் கையெழுத்து இல்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கும் வேலை அது. மருத்துவத்திலோ நாள் முழுக்க நோயாளியிடம் பேசுபவரும் உண்டு, மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடு பார்ப்பவரும் உண்டு.

ஆகவே அறிக்கையில் எழுத்துக்குப் பக்கத்தில் சதவீதம் இருக்கிறதா என்று தேடுங்கள். 50-க்கும் 60-க்கும் நடுவில் இருக்கும் எழுத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

பிறகு, சேர்க்கைக்கு முன் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பிளஸ் ஒன் பாடநூல்களை அரசு இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதல் வாரம் விலங்கியலில் ஒரு பாடம், அடுத்த வாரம் கணக்குப்பதிவியலில் குறிப்பேட்டுப் பதிவுகள். தினம் 45 நிமிடம் போதும். மதிப்பெண் போடாதீர்கள். பற்று எது, வரவு எது என்று குழம்பி அடித்துத் திருத்தும்போது புத்தகத்தை மூடுகிறாளா, மறுபடி போட்டுப் பார்க்கிறாளா? சொல்லாமலே எந்தப் பாடத்தில் 45 நிமிடத்தைத் தாண்டுகிறாள்? இதோடு ஒன்பதாம், பத்தாம் வகுப்பு விடைத்தாள்களில் அறிவியலிலும் கணிதத்திலும் எங்கே மதிப்பெண் போயிருக்கிறது என்று பாருங்கள். புரியாமல் போனதா, நேரம் போதாமல் போனதா என்பது தாளிலேயே தெரியும்.

ஒரு விவரம் உங்கள் கவலையைக் குறைக்கும். பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவரும் ஆடிட்டர் ஆவதற்கான முதல் தேர்வான சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதலாம். பயாலஜி-மேத்ஸ் எடுத்தால் அந்தக் கதவு மூடாது. காமர்ஸ் எடுத்துவிட்டு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ திரும்புவதுதான் கடினம்.

உறவினர் முன்னால் “இவள் இன்ட்ரோவெர்ட்” என்று அறிமுகம் செய்வதை இன்றே நிறுத்துங்கள். பதினைந்து வயதில் குணம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொல்லச் சொல்ல, பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுக்க நீளும் கை மடங்கிவிடும்.