டி.டி.ரி.யும் அம்மம்மாவின் சுவரும்

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை நீங்கள் ஒழுங்கு செய்த, அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சனைப் பற்றிய படத்துக்குத் தம்பலகாமத்திலிருந்து வந்திருந்தேன். படம் நல்லது, அந்த மனுசியின் துணிவும் பிடித்தது. ஆனால் பிறகு நடந்த கலந்துரையாடலில் எல்லோரும் அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. எழும்பிக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவருடைய 'மௌன வசந்தம்' புத்தகத்தால் டி.டி.ரி. என்ற பூச்சிமருந்து தடைசெய்யப்பட்டது, அதனால் ஏழை நாடுகளில் கணக்கில்லாத சனம் மலேரியாவில் செத்தது என்று வாசித்திருக்கிறேன். அதற்கு உதாரணம் காட்டுவதே எங்கள் இலங்கையைத்தான். 1963இல் 17 பேருக்குத்தான் மலேரியா, 1969இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? இன்னொன்று, 2021இல் அரசாங்கம் ஒரே நாளில் இரசாயன உரத்தையும் பயிர்மருந்தையும் நிறுத்தியபோது அப்பாவின் வயல் மஞ்சள் பத்தி நின்றதைக் கண்ணால் கண்டவன் நான். அந்த முடிவுக்கும் இப்படியான படங்களுக்கும் சம்பந்தமே இல்லையா? கோபிக்க வேண்டாம்.

க., தம்பலகாமம்

அன்புள்ள தம்பி,

கோபமா? கூட்டத்தில் நீங்கள் எழும்பியிருந்தால் அன்றைக்குக் கலந்துரையாடல் என்று ஒன்று மெய்யாகவே நடந்திருக்கும். தமிழ் எழுத்து இல்லாத படத்தை எங்கள் ஆசிரியை ஒருவர் தாளைப் பார்த்துப் பார்த்து வாசித்து, முக்கால் மணித்தியாலத்தில் தொண்டை கட்டி, நடுவில் கரண்டும் போய் வந்து, முடியும்போது ஆட்களுக்குத் தேத்தண்ணியில்தான் நினைப்பு. அதற்குப் பிறகு எழும்பியவர்கள் பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அது எங்கள் பிழை.

சரி, கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய இரண்டு எண்களும் சரி. நடுவில் சொல்லப்படுகிற கதைதான் பிழை.

1934-35 மலேரியாவில் இந்தத் தீவில் எண்பதாயிரம் பேரளவில் செத்தார்கள். மழை பொய்த்து, ஓடுகிற ஆறுகள் நின்று, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கி, நுளம்பு பெருகிய வருடம் அது. அந்தப் பயத்தோடு இருந்த நாட்டுக்கு 1946இல் டி.டி.ரி. வந்தபோது அதை வரம் என்றுதான் எடுத்திருப்பார்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான். 1955இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவை அடியோடு ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கணக்குப்படி, முதலில் வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடிப்பது, நோய் ஏறக்குறைய இல்லாமல் போனதும் அடிப்பதை நிறுத்திவிட்டு, புதிதாக யாருக்கும் வருகிறதா என்று காவல் இருப்பது. 1963இல் 17 பேர் என்றதும் எங்கள் ஆட்கள் அந்தத் திட்டப்படியே 1964 அளவில் நிறுத்தினார்கள். வென்றாயிற்று என்ற நம்பிக்கை, காசும் மிச்சம். கார்சனின் 'மௌன வசந்தம்' 1962 செப்டம்பரில் புத்தகமாக வந்ததுதான். ஆனால் அமெரிக்காவில் டி.டி.ரி. தடை வந்தது 1972இல், அதுவும் அந்த நாட்டுக்குள் அடிப்பதற்கு மட்டும், செய்து வெளிநாட்டுக்கு விற்க அப்போதும் தடை இல்லை. எட்டு வருடம் பிந்தி வந்த தடை எங்கள் வீட்டுச் சுவருக்கு மருந்தடிப்பதை எப்படி நிறுத்தியிருக்கும்?

நிறுத்திய பிறகு காவல் தளர்ந்தது, மறுபடி மழை பொய்த்தது, காய்ச்சல் வெடித்தது. உடனே டி.டி.ரி.யைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் இந்த முறை நுளம்பு முன்போல் சாகவில்லை. 1969இல் இங்கத்தைய நுளம்புகளில் அந்த மருந்துக்கு எதிர்ப்பு உண்டாகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள், எழுபதுகளின் நடுவில் மலத்தியோன் என்ற வேறு மருந்துக்கு மாறவேண்டி வந்தது. அந்த நாற்றம் உங்கள் அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இந்த எதிர்ப்பைப் பற்றித்தான் கார்சன் எழுதினார் தம்பி. பூச்சியால் பரவும் நோயைப் பொறுப்புள்ள எவரும் அலட்சியம் செய்யச் சொல்லமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான், கண்டபடி அடித்தால் கையில் இருக்கிற ஒரே ஆயுதத்தையும் மழுங்கடித்துவிடுவீர்கள் என்கிறார். ஊர் முழுக்க விமானத்தில் கொட்டாதே, தேவையான இடத்தில் அளந்து அடி, வேறு வழியும் தேடு, இவ்வளவுதான் அவர் கேட்டது. அவரைத் திட்டுவதற்கு எங்கள் கதையை எடுக்கிறவர்கள் பாவம், அது அவர் பக்கத்துச் சாட்சி என்று தெரியாமலே எடுக்கிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்னமே அம்மாவின் வாயால் கேட்டிருக்கிறேன், அப்போது விளங்கவில்லை. அம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோது மலேரியாக்காரர் முதுகில் பம்புடன் வருவார்களாம். அரிசிப் பெட்டி, தண்ணீர்க்குடம், படம் எல்லாவற்றையும் முற்றத்துக்குத் தூக்கி வைக்கவேண்டும். அடித்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் கரியால் திகதி எழுதிவிட்டுப் போவார்கள். மண்சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும். முதல் வருடம் அம்மம்மாவுக்குச் சரியான சந்தோசம், நுளம்புக்காக இல்லை, கட்டிலில் இருந்த மூட்டைப்பூச்சி முழுக்கச் செத்துப் போனதற்காக. மூன்றாம் நாலாம் வருடம் மூட்டைப்பூச்சி அசையவில்லை. "உதுகள் பழகிட்டுதுகள்" என்று சொல்லிவிட்டார் அம்மம்மா. அதற்குப் பிறகு மலேரியாக்காரர் படலையைத் தாண்டியதும் சாணியும் மண்ணும் குழைத்துச் சுவரை மெழுகிவிடுவாராம், கோயில் திருவிழா நேரத்தில் சுவர் இந்தக் கோலத்தில் இருக்கக்கூடாது என்று. மருந்து மெழுக்குக்குக் கீழே, நுளம்பு மெழுக்குக்கு மேலே. இப்படி எத்தனை வீடோ. அதையும் கார்சனின் கணக்கில் எழுதுவார்களோ தெரியாது.

உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. தென்னாப்பிரிக்காவில் 1996இல் டி.டி.ரி.யை விட்டு வேறு மருந்துக்கு மாறினார்கள். அந்த மருந்துக்குச் சாகாத நுளம்பு திரும்பி வந்து காய்ச்சல் ஏறியது, 2000இல் மறுபடி டி.டி.ரி.யை எடுத்தார்கள், இறங்கியது. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற டி.டி.ரி.யும் வயலுக்குக் கொட்டுகிற டி.டி.ரி.யும் ஒன்றில்லை என்பதை மறந்து, பெயரைக் கேட்டாலே காதைப் பொத்துகிற சூழலியல்காரர்கள் இருக்கிறார்கள். நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்துகிற ஸ்டொக்ஹோம் உடன்படிக்கைகூட நோய் பரப்பும் பூச்சிக்காக என்று அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. எங்கள் நாட்டில் மலேரியா கடைசியில் ஒழிந்தது மருந்தால் மட்டும் இல்லை. காய்ச்சல் என்று வந்தவரின் விரலில் குத்தி இரத்தம் பார்த்து, ஒவ்வொரு நோயாளியின் வீடு வரைக்கும் போய், வலை கொடுத்து, சுவருக்கும் அடித்து, இவ்வளவையும் யுத்தத்துக்கு நடுவிலும் செய்திருக்கிறார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றியவர் இல்லை என்று 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அந்த இரத்தம் பார்த்த ஆட்களைப் பற்றி ஒருவரும் படம் எடுக்கவில்லை, எடுத்தால் நான் முதல் வரிசையில் இருப்பேன்.

கார்சன் கவலைப்பட்டது மருந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று. கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஒரு ஏரி, அதில் கடிக்காத ஒரு சின்னப் பூச்சியின் தொல்லைக்காக டி.டி.ரி.யின் தம்பி மாதிரி ஒரு மருந்தைக் கலந்தார்கள். தண்ணீரில் ஐந்து கோடிப் பங்குக்கு ஒரு பங்குதான், ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். பாசி அதைச் சேர்த்தது, பாசியை மீன் தின்றது, மீனை முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை தின்றது. செத்த முக்குளிப்பானின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு. தண்ணீரில் இருந்ததைப்போல எண்பதாயிரம் மடங்கு. ஆயிரம் சோடி இருந்த பறவை, 1960இல் முப்பது சோடி. கந்தளாய்க் குளத்தில் அதே சாதிப் பறவை சின்னதாக முங்கி முங்கி எழும்புவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் தமிழில் வாசித்துக் காட்டத் தேவையில்லை.

அன்று திருக்கடலூரிலிருந்து வந்த ஐயா ஒருவர் என்னிடம் தனியாகக் கேட்டார், "இந்த மனுசி கடலைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்குதே, கடலுக்குள்ள இறங்கின ஆளா?" 1949இல் ஃபுளோரிடாவில் ஒரு தரம் தலைக்கவசம் மாட்டி, ஏணியைப் பிடித்தபடி, சில அடி மட்டும் என்றேன். சிரித்துவிட்டார். அவருடைய மகன் கடலட்டை பிடிக்க இறங்குகிறவன். ஆனாலும் அந்த ஏணிக்காரி எழுதிய கடல் புத்தகம் 1951இல் வந்து அவரை நாடறிந்தவராக்கியது. அடுத்த வருடம் அரசாங்க வேலையை விட்டார். 'மௌன வசந்தம்' எழுதும்போதே மார்பில் புற்றுநோய். எதிரிகள் அதையும் ஆயுதமாக்குவார்கள் என்று வெளியில் சொல்லாமல் இருந்தார். கல்யாணம் கட்டாதவர் என்று கேலி செய்தார்கள், பெண்ணின் பதற்றம் என்றார்கள். 1963 மேயில் ஜனாதிபதி கென்னடியின் அறிவியல் குழு அவருடைய எச்சரிக்கையை ஆதரித்து அறிக்கை தந்தது. அடுத்த ஏப்ரலில் 56 வயதில் செத்துப்போனார்.

2021 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. அது கார்சன் கேட்ட முறையே இல்லை. எந்த மருந்து, எந்தப் பயிர், மாற்று என்ன என்று ஒன்றும் பார்க்காமல் ஒரு அறிவித்தலில் எல்லாவற்றையும் மூடினார்கள், அந்த வருட நவம்பரிலேயே திறந்தார்கள். ஆனால் இதே நாடு 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் என்ற களைகொல்லி உட்பட மூன்று பயிர்மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தியது. எங்கள் ஊர்களில் மருந்து குடித்துச் செத்த பிள்ளைகளை நாங்கள் இரண்டு பேருமே அறிவோம். அந்தச் சாவுகள் குறைந்தன, ஆய்வு செய்தவர்கள் பார்த்தபோது விளைச்சல் விழவில்லை. அதுவும் தடைதான். அதற்கு யாரும் வயலில் இறங்கிக் கூச்சல் போடவில்லை.

அடுத்த மாதமும் படம் போடுகிறோம். அப்பாவையும் கூட்டி வாருங்கள், அந்த மஞ்சள் வயலைப் பற்றி அவர் பேசட்டும், கூச்சமென்றால் நீங்கள் பேசுங்கள். பின்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள், காற்றாடி முன்னுக்குத்தான் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா