மாடியிலிருந்து வானம்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில், ஊருக்குள் இருந்துகொண்டே வானம் பார்க்கலாம் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பாராட்டு வந்ததைவிடச் சண்டைதான் அதிகம் வந்தது. நல்லதுதான், பதில் சொல்ல வசதி.

சின்ன வயசில் பர்கூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்தால் வானம் பூரா நட்சத்திரம். இப்போது கிருஷ்ணகிரி டவுனில் வீடு, மாடிக்கு நேர் எதிரே வெள்ளை எல்இடி தெருவிளக்கு. எண்ணிப் பார்த்தால் இருபது நட்சத்திரம் தேறவில்லை. வயசு 48. கண் கோளாறா, ஊர்க் கோளாறா? பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு தொலைநோக்கி வாங்கினால் சரியாகுமா சார்?
(கிருஷ்ணகிரி வாசகர்)

கண்ணும் கொஞ்சம், ஊரும் கொஞ்சம். இருபது வயசில் இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் கண்மணி ஐம்பதை நெருங்கும்போது ஐந்து, ஆறோடு நின்றுவிடும். ஆனால் உங்கள் கதையில் முதல் குற்றவாளி எதிரே நிற்கிற அந்த ஒற்றை விளக்குதான்.

ஒளி மாசு என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, ஊர் வெளிச்சமெல்லாம் மேலே போய், தூசியிலும் காற்றிலும் பட்டுச் சிதறி, வானத்தையே சாம்பல் நிறமாக்குவது. வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம், பகல் வானம் நீலமாகத் தெரிகிற அதே காரணத்தால் அந்த நீலம் பழைய மஞ்சள் சோடியம் விளக்கைவிட அதிகமாகச் சிதறும். இதை நீங்களும் நானும் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, விளக்கு நேராக உங்கள் கண்ணில் வந்து குத்துவது. இதை இன்றைக்கு ராத்திரியே ஒரு பழைய பெட்ஷீட்டை வைத்துச் சரிசெய்துவிடலாம். துணி காயப்போடும் கம்பியில் பெட்ஷீட்டைத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு உட்காருங்கள், மாடிப்படி அறைக்குப் பின்பக்கம் இடம் இருந்தால் அதைவிட நல்லது. அப்புறம் இருபதிலிருந்து முப்பது நிமிஷம் சும்மா இருக்கணும். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். பத்தொன்பதாவது நிமிஷம் வாட்ஸ்அப் வந்ததே என்று செல்போனைத் திறந்தீர்களானால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொள்ளுங்கள், மங்கிய சிவப்பு அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது.

நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் நட்சத்திரம் தெரியும். நம்ம டவுன் மாதிரி இடத்தில், கண்ணில் நேர் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொண்டால் இருநூறு தேறும். பர்கூர் தோட்டத்து வானம் திரும்பி வராது, ஆனால் இருபது இருநூறாகும், செலவு இல்லை.

தொலைநோக்கி வேண்டாம். அட்டைப்பெட்டியில் 675 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்பதை நானும் ஒரு கடையில் வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஸ்டாண்டு ஆடின ஆட்டத்தில் சனிக் கிரகம் கண்ணாடிக்குள் பரதநாட்டியம் ஆடியது, மூன்றாம் நாள் அது பரணுக்குப் போனது. கண்ணாடியின் அகலம்தான் முக்கியம், மடங்கு இல்லை. அதோடு நெபுலா என்கிற, மேகம் மாதிரி மங்கலாகத் தெரியும் வாயுத் திட்டைப் பார்க்கப் போனால் தொலைநோக்கி ஊர் வெளிச்சத்தையும் சேர்த்தே வாரிக்கொண்டு வரும். அதே காசுக்குள் 10x50 பைனாகுலர் கிடைக்கும், பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் கண்ணாடி. முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பார்த்தால், 1610-ல் கலிலியோ பார்த்த நாலு நிலாவும் புள்ளி புள்ளியாக ஒரே வரிசையில் நிற்கும். சில நாள் மூன்றுதான் தெரியும், ஒன்று வியாழனுக்குப் பின்னாலோ முன்னாலோ ஒளிந்திருக்கும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊரைவிட்டு வெளியே கூட்டிப்போகாமல் என்ன காட்டலாம்?
(காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் ஆசிரியை)

டீச்சர், நீங்கள் பிப்ரவரியைப் பிடியுங்கள். மழை போயிருக்கும், மாங்காய் வெயில் இன்னும் வந்திருக்காது. மாதத்தின் நடுவில், நிலா இல்லாத நாளாகப் பார்த்து, ராத்திரி 9 மணிக்குத் தெற்கே திரும்பி நிற்கச் சொல்லுங்கள். மேலே பளிச்சென்று தெரிவது சிரியஸ், இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம். அதற்கு நேர் கீழே, அடிவானத்திலிருந்து சுமார் 25 டிகிரி உயரத்தில், அதாவது கையை நீட்டி முஷ்டி பிடித்தால் இரண்டரை முஷ்டி உயரத்தில், அகத்தியர் நட்சத்திரம். பிரகாசத்தில் இரண்டாவது. லண்டனில் இருக்கிறவர்களுக்கு அது எழும்பவே எழும்பாது, நமக்கு மாடியிலிருந்தே தெரிகிறது, இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள், ரொம்பப் பெருமைப்படுவார்கள். மேற்கே சாய்ந்தால் சிவப்பாகத் திருவாதிரை, ரோகிணி, அதையும் தாண்டிக் கொத்தாகக் கார்த்திகை. பஞ்சாங்கத்தில் பெயராக மட்டுமே தெரிந்த நட்சத்திரத்தை நேரில் பார்க்கும்போது, 'மிஸ், என் நட்சத்திரம் எங்க?' என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். தயாராகப் போங்கள்.

மே மாத நடுவில் அதே 9 மணிக்குத் தெற்கில் தாழ்வாகத் தெற்குச் சிலுவை. அந்தப் பக்கம் கட்டடம் இருந்தால் தெரியாது.

ராயக்கோட்டை ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சாமந்தித் தோட்டம். ராத்திரியில் வரிசை வரிசையாகப் பல்பு எரிகிறது. கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. செடிக்கு எதற்கு ராத்திரி வெளிச்சம்?

சாமந்தி, ராத்திரி நீளமாக இருந்தால் மொட்டு வைக்கிற செடி. நட்டவுடனே மொட்டு வைத்தால் செடி குட்டையாகவே நின்றுவிடும், காம்பும் தேறாது. அதனால் நடுராத்திரியில் பல்பு போட்டு, 'இன்னும் ராத்திரி நீளவில்லை' என்று செடியை ஏமாற்றுகிறார்கள். செடி வேண்டிய உயரம் வளர்ந்ததும் விளக்கை நிறுத்திவிடுவார்கள், அப்புறம்தான் மொட்டு வரும். ஆக இது வருஷம் பூரா எரிகிற விளக்கு இல்லை. அவர் பிழைப்பு அது, சண்டைக்குப் போகாதீர்கள். எப்போது நிறுத்துவீர்கள் அண்ணா என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த வாரத்தில் அமாவாசை வந்தால் மாடிக்குப் போங்கள். ஒரு சின்ன பல்பு ஒரு செடியின் காலக்கணக்கையே மாற்றுகிறதே, தெருவிளக்கடியில் நிற்கிற மரத்தை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஓசூரிலிருந்து பால்வீதி தெரியுமா?
(கல்லூரி மாணவர்)

தெரியாது தம்பி. ஒருபக்கம் உங்கள் ஊர், மறுபக்கம் பெங்களூரு.

தருமபுரியில் இருக்கிறோம். நாலு நண்பர்கள், இரண்டு பைக். பால்வீதி பார்க்க ஒகேனக்கல் போகலாமா, வத்தல்மலையா?

ஒகேனக்கல் காட்டுவழியில் ராத்திரி போகாதீர்கள். யானை நடமாட்டம் இருக்கிற இடம், நட்சத்திரம் பார்க்கத்தான் வந்தோம் என்று அதனிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அஞ்செட்டிப் பக்கமும் அப்படித்தான். வத்தல்மலையில் ஊர்கள் இருக்கின்றன, தெரிந்தவர் வீடோ நிலமோ இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே ஏறிப் போய்த் தங்குங்கள், ராத்திரியில் வளைவு ரோட்டில் பைக் வேண்டாம்.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் ஒரு கணக்கு கைகொடுக்கும். ஒரு ஊரின் வெளிச்சம் வானத்தில் பரவுவது தூரம் கூடக்கூட வேகமாகக் குறையும், இரண்டு மடங்கு தூரம் போனால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். பத்து கிலோமீட்டரில் நிற்பதற்கும் இருபதில் நிற்பதற்கும் அவ்வளவு வித்தியாசம். அரூர் பக்கமோ பாலக்கோடு பக்கமோ சொந்தக்காரர் தோப்பு இருந்தால் போதும், மாந்தோப்பாக இருந்தால் காவலுக்கு இருப்பவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் அமாவாசையை ஒட்டி விடியற்காலை 4 மணிக்கு எழுந்து தெற்கே பாருங்கள், விருச்சிகத்தின் வாலைச் சுற்றி மங்கலாகப் புகை மாதிரி ஏறியிருக்கும், அதுதான். போட்டோவில் வருகிற நீலமும் ஊதாவும் கண்ணுக்குத் தெரியாது, ஏமாற வேண்டாம்.

நல்ல வானத்துக்கு நம்ம பக்கமே சாட்சி இருக்கிறது. ஜவ்வாது மலையில் ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற வழியில் காவலூர் வான்நோக்கு நிலையம். அங்கே 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி 1986-லிருந்து வேலை செய்கிறது. 1988-ல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரையே வைத்தார்கள்.

தெருவிளக்குக்கு மூடி போடச் சொல்லி யாரிடம் கேட்பது?

நான் மனு கொடுத்த கதையைச் சொல்கிறேன். 'சார், விளக்கு எரியலைன்னு நூறு பேர் வர்றாங்க, எரியுதுன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்' என்று சிரித்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வேலை முடிந்து ராத்திரி தனியாக நடந்து வருகிற பெண்ணுக்கு அந்த விளக்கு வேண்டும். அதனால் அணைக்கச் சொல்லாதீர்கள். விளக்குத் தலை வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் தரையைப் பார்க்கும்படி கிடைமட்டமாகத் திருப்பச் சொல்லுங்கள், வீட்டுப் பக்கம் ஒரு தகடு அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மாற்றும்போது 3000 கெல்வினுக்கு மேல் போகாத மஞ்சள் எல்இடி கேளுங்கள் (கெல்வின் என்பது விளக்கு நிறத்தின் அளவு, எண் கூடக்கூட நீலம் கூடும்). மேலே வீணாகிற வெளிச்சம் ரோட்டுக்கு வரும் என்று சொன்னால் கேட்கிறார்கள், நட்சத்திரம் என்று ஆரம்பித்தால்தான் சிரிக்கிறார்கள். என் தெருவில் கடைசியில் மனுவால் நடக்கவில்லை, கம்பத்தில் வேறு வேலையாக ஏறின வயர்மேன் தம்பிதான் ஒரு டீக்குத் திருப்பிவிட்டார்.

கல்யாணத்தில் காலை ஏழரை மணி முகூர்த்தத்தில் அருந்ததி காட்டுகிறார்களே, நிஜமாகவே யாருக்காவது தெரிந்திருக்கிறதா?
(அரூர் வாசகி)

எனக்குத் தெரியவில்லை, ஆனால் தெரிகிறது என்று தலையாட்டினேன். என் வீட்டுக்காரம்மாவும் ஆட்டினார். பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு மே மாத ராத்திரி 9 மணிக்கு மாடியில் வடக்கே திரும்பி நின்று கண்டுபிடித்தோம். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைகிற இடத்தில் வசிஷ்டர், அவருக்கு ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. வசிஷ்டரை நேராக முறைக்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும், மங்கலான வெளிச்சத்தைக் கண்ணின் நடுப்பகுதியைவிட ஓரப்பகுதி நன்றாக உணரும். அருந்ததியின் ஒளி அளவு 4 (இந்த எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல்). அவர் தெரிந்தால் உங்கள் மாடி வானம் தேவலை. தெரியவில்லையென்றால் முதலில் பெட்ஷீட்டைக் கட்டுங்கள்.